கேட்டடி அக்னஸின் வாக்கு

சிம்பாங் அம்பாட்டுக்குத் தெற்கே, தண்டவாளம் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் உருவான ஊர் அது. எல்லோரும் கேட்டடி என்பார்கள். ரயில் வரும்போது கேட்டை இறக்கினால் லோரிகளும் மோட்டார்சைக்கிள்களும் நின்றுதான் ஆக வேண்டும். நின்றவர்களுக்குப் பசித்தது, தாகம் எடுத்தது. அவர்களை நம்பி முதலில் ஒரு தேத்தண்ணிக் கடை வந்தது. அடுத்து சாதிக்கின் டயர் கடை, புஷ்பவள்ளியின் மளிகைக் கடை, ஒரு முடிதிருத்தகம், பின்னால் வரிசையாக வீடுகள். ரயில் அந்த ஊரில் ஒருநாளும் நின்றதில்லை. மற்றவர்களை நிறுத்தியது, அதிலேயே ஊர் பிழைத்தது.

தேத்தண்ணிக் கடை அக்னஸுடையது. கணவர் பால்ராஜ் இறந்த பிறகு தோசைக்கல்லையும் அவளே பார்த்துக்கொண்டாள். பிள்ளை கிடையாது. தாயில்லாமல் போன தம்பி டெரன்ஸைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். அவன் காலேஜ் முடித்து, இரட்டைத் தண்டவாளம் போட வந்த ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். பாதையோரத்து மக்களோடு பேசிச் சமாதானப்படுத்துவதுதான் அவன் வேலை.

மின்சார ரயில் வேகமாக வரும், அதனால் கேட்டை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. சாதிக்குக் கோபம் தலைக்கேறியது. "ரயில்காரங்க வைக்கிற பொதுக்கூட்டத்துல ஊரே போய் நிக்கணும். இல்லாட்டி நம்மள மறந்துடுவானுங்க," என்று வீடு வீடாகச் சொன்னார்.

அன்று மாலை டெரன்ஸ் கடைக்கு வந்தான். "அக்கா, கேட்டை மட்டுந்தான் எடுப்பாங்க. உன் கடைக்கு முன்னாலயே அண்டர்பாஸ் தோண்டுவாங்க லா. வண்டியெல்லாம் இந்தப் பக்கமாத்தான் வரும். சாதிக் அண்ணன் சத்தம் போட்டா வேலைதான் இழுத்தடிக்கும். நீ சொல்லு, அவரு கேப்பாரு."

"நிஜமாவாடா?"

"அம்மா மேல சத்தியம்க்கா."

அக்னஸ் அப்போதே புறப்பட்டுவிட்டாள். டயர் கடையில் நின்று, "அண்ணே, என் தம்பி சொன்னா அது நான் சொன்ன மாதிரி," என்றாள். சாதிக் கைத்துணியை உதறி வைத்தார். "டெரன்ஸுக்காக இல்ல அக்னஸ். உன் பேச்சுக்காகச் சும்மா இருக்கேன்."

கூட்டத்தில் கேட்டடிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தார்தான் எழுந்து நின்று கத்தினார்கள். கடைசியில் அண்டர்பாஸ் அவர்களுக்குத்தான் கிடைத்தது.

கேட்டடிக்குக் கிடைத்தது வேலி. தண்டவாளத்தின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கம்பி எழும்பியது. சாலை அவள் கடை வாசலில் முட்டி நின்றது. வண்டிகள் செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் கட்டிய மேம்பாலத்தில் ஏறிப் போயின. கடை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. டெரன்ஸ் போனை எடுப்பதை நிறுத்தினான்.

சாதிக் ஒருநாள் வந்தார். உட்காரவில்லை. "பிளான்ல நம்ம இடத்துக்கு அண்டர்பாஸே போடலையாம். கூட்டத்துக்கு முந்தியே உன் தம்பிக்குத் தெரியுமாம். உனக்கும் தெரியுமா?"

"அண்ணே, என்னையா கேக்கறீங்க?"

அவர் திரும்பி நடந்தார். மறுவாரமே பட்டறையைப் பிரித்துக்கொண்டு பத்து காவான் என்ற ஊருக்குப் போய்விட்டார். புஷ்பவள்ளி கடையைப் பூட்டினாள். தெருவில் எதிர்ப்பட்டால் சேலையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெரன்ஸே அழைத்தது அதற்கப்புறம்தான். மின்சார ரயில் நிற்கும் ரயிலடிக்கு எதிரே, புதிய தாமான் குடியிருப்பின் கடை வரிசையில் உணவகம் திறக்கிறானாம், அக்கா வந்து அடுப்புப் பற்ற வைக்க வேண்டுமாம். அக்னஸ் போனாள். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் நேராக அந்த வரிசைக்குத்தான் வந்தது. மூலைக்கடை. அங்கே ரயில் நிற்கும் என்று யாருக்கும் தெரியுமுன்பே அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"கேட்டடிக்கு ஒண்ணும் வராதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

அவன் விருந்தாளிகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெரியும்க்கா. சொல்லியிருந்தா ஊரு அடங்கியிருக்குமா? என் வேலையே போயிருக்கும். உனக்காக உள்ள ஒரு அடுப்பு வச்சிருக்கேன் லா. அந்த ஓட்டக் கடைய விட்டுட்டு வந்துடு."

"ஊருக்கு என்னைத் துரோகம் பண்ண வச்சியே. நீயே போய் அவங்ககிட்ட பொய் சொல்லியிருந்தாகூட ஆறியிருக்கும். என் வாயால சொல்ல வச்சியே!" கையிலிருந்த தீப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவன் பின்னால் வரவில்லை.

இப்போது அக்னஸ் பத்து காவானில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கிறாள். போகிற வழியில் சாதிக்கின் புதிய பட்டறை இருக்கிறது. ஒருமுறை இறங்கிப் போய் நின்றாள். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஆனால் பழைய பேச்சு வரவில்லை. அவர் மகனின் கல்யாணச் செய்தியைக்கூடப் பிறகு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் டெரன்ஸ் அவளுக்கு முன் வரிசையில் உட்காருவான். பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறச் சொல்லும் நேரத்தில், ஒவ்வொரு வாரமும் திரும்பி அவளைப் பார்த்துக் கைகூப்புவான். அக்னஸ் பின்னால் திரும்பி, அங்கே யார் நின்றாலும் அவர்களைக் கும்பிடுவாள்.