மேடானில் பழகிய கோப்பி

மன்னாரிலிருந்து படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பஸ்ரியன், வழியில் பிடிபட்டு இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவில் உள்ள மேடான் நகரத்தில் தங்கவைக்கப்பட்டார். ஆறு வருடங்கள் அங்கேயே போயின. அகதிகள் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். அதனால் அவர் நடந்தார். ஊரில் ஒரு தெரு பாக்கியில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போவார். அங்கேதான் மரியோ பழக்கமானார். மரியோவின் முன்னோர்கள் புகையிலைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டி ஓட்ட வந்த தமிழர்கள். அவருக்குத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. ஆகவே பஸ்ரியன் இந்தோனேசிய மொழியைப் பழகினார். சுருட்டின் மேலே சுற்றும் புகையிலைக்கு ஐரோப்பாவில் கிராக்கி வந்ததும் சின்னக் கிராமமாக இருந்த மேடான் நகரமானது, பிறகு றப்பரும் செம்பனையும் வந்தது, மலைநாட்டுக் கோப்பி இன்றும் பெலவான் துறைமுகத்தால் கப்பலேறுவது எல்லாம் மரியோ சொல்லித் தெரிந்தவைதான். மரியோ ஒரு கோப்பிக் களஞ்சியத்தில் கணக்கப்பிள்ளை. பின்னேரங்களில் பஸ்ரியன் அங்கே போய், பெண்கள் பழுதான கொட்டைகளைப் பொறுக்குவதையும் பூஞ்சணம் பிடித்த மூட்டைகளை மணந்தே ஒதுக்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஸ்காபரோவில் ஒரு மாதா கோயில் பங்கு மக்கள் பொறுப்பேற்று அவரைக் கனடாவுக்கு எடுத்தார்கள். மனைவி செலீனும் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தார். பக்கத்து நகரமான மார்க்கத்தில் கோப்பி வறுக்கும் ஒரு சின்னக் கொம்பனியில் பஸ்ரியனுக்கு மூட்டை இறக்கும் வேலை.

அதுவரை பிரேசில் கோப்பியே வாங்கிய கொம்பனி, போன மாரியில் முதன்முதலாகச் சுமாத்திராக் கோப்பி எடுத்தது. தரம் பார்க்கும் அனோஜா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். மூட்டையைக் கிழித்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"அண்ணை, கலரைப் பாருங்கோ. நீலமாக் கிடக்கு. முழு லோடையும் றிஜெக்ட் பண்ணப்போறன்."

பஸ்ரியன் ஒரு பிடி அள்ளி மணந்தார். "உது பழுதில்லைத் தங்கச்சி. அங்க மலையில பின்னேரமானா மழை. முழுக்கக் காயவைக்க ஏலாது. அதால ஈரத்தோடயே கோதுடைச்சுப்போட்டுப் பிறகு காயவிடுவினம். அந்த நிறம் அப்பிடித்தான் வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மேடானில இருந்தனான்."

அவள் ஈரப்பதம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாகவே இருந்தது. பஸ்ரியன் அத்தோடு விடவில்லை. ஒவ்வொரு மூட்டையாக மணந்துகொண்டு போய் மூன்றைத் தனியே இழுத்து வைத்தார்.

"இந்த மூண்டும்தான் பூஞ்சணம்."

கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளை படர்ந்திருந்தது.

கோப்பி அனுப்பிய மேடான் கொம்பனிக்குப் போன் போட்டதும் பஸ்ரியனே இந்தோனேசிய மொழியில் பேசினார். மறுமுனையில் இருந்த பெண் முதலில் திகைத்தாள். பிறகு, மேடானில் எந்தத் தெரு என்று கேட்டாள். அவர் சொன்னார். தன் சித்தி வீடும் அந்தத் தெருவில்தான் என்று அவள் சிரித்தாள். மூன்று மூட்டைக்கும் பதில் மூட்டை அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டாள். என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் விளங்காத அனோஜா பக்கத்தில் நின்று, "அண்ணை, நீங்கள் சும்மா மூட்டை இறக்கிக்கொண்டு நிண்டிருக்கிறியள்!" என்றாள்.

அடுத்த மாதமே பஸ்ரியனைச் சுவை பார்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு அவருக்குக் கொஞ்சம் இறுக்கம். வருகிற செப்டெம்பரில் கோப்பி பார்த்து வாங்க அனோஜாவோடு மேடானுக்குப் போகிறார். செலீனுக்கும் ரிக்கற் எடுத்தாகிவிட்டது.

"அங்க குளிரோ?" என்று செலீன் பெட்டி அடுக்கியபடி கேட்டார்.

"ரவுணில வேர்க்கும். மலைக்கு ஒரு சுவெற்றர் வையும்."

செலீன் இரண்டு வைத்தார்.