பிளேன்டீ நிறம்

கட்டாரில் நெடுங்காலம் வாகனம் ஓட்டிய என் கணவர், ஊரோடு வந்துவிட்ட பிறகு வந்த முதல் நோன்பில் நிந்தவூர்க் கடற்கரையில் கரைவலை இழுக்கப் போனார். ஒரு பகல் இழுத்ததற்கே மறுநாள் தொடையும் புயமும் கல்லாக இறுகிவிட்டன. சிறுநீர், பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது.

"நோன்புல தண்ணி குடிக்கல்லதானே, அதுதான் புள்ள," என்றார். நானும் நம்பினேன். நோன்பு திறந்து கஞ்சியும் தண்ணீரும் நிறையக் குடித்தும் நிறம் மாறவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பழக்கமில்லாத உடம்பு ஒரேயடியாக உழைத்ததில் தசை இழைகள் உடைந்து, அவற்றின் நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கப் பார்த்திருக்கிறது என்றார் டொக்டர். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தது இன்னும் ஆபத்தாம். உடனே சேலைன் ஏற்றினார்கள்.

"அப்ப நாளைக்கு நோன்பு?" என்று கேட்டார் இவர்.

"விட்ட நோன்பப் பிறகு புடிச்சுக் கழாச் செய்யலாம். கிட்னியக் கழாச் செய்ய ஏலாது," என்றார் டொக்டர்.

அல்லாஹ் காப்பாற்றினான். நோன்பு காலத்தில் அவர் இப்போது வலைக்குப் போவதில்லை. மற்ற நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடம்பைப் பழக்கினார். வலை இழுத்த மறுநாள் காலையில் பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு நிறத்தைக் கேட்பேன். கோப்பைக்குள் பார்த்தபடி, "இதப்போல இல்ல புள்ள," என்பார்.