கடல் தண்ணீரில் குளித்த ஜீப்

விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில், ஒரு அரசாங்க அலுவலக வளாகத்தில், இனி உதவாது என்று கண்டம் செய்த ஜீப் ஒன்றை ஏலம் விட்டார்கள். நான் கையைத் தூக்கியதும் பழைய இரும்புக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கமாட்டார்களா, சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, இத்த ஓட்டப் போறியா? எடைக்குப் போடவே நாங்க யோசிச்சிக்கினு கீறோம்" என்றார் ஒருவர்.

அவர்களுடைய அம்மாவா மீன் கூடையோடு மணலில் நடக்கிறாள்? மரக்காணம் பக்கத்தில் எங்கள் குப்பத்திலிருந்து பஸ் நிற்கும் ரோடு வரை வெறும் மணல். ஆட்டோ வராது, மாட்டு வண்டியும் புதையும். அப்பா பிடித்துவரும் மீனை அம்மா தலையில் சுமந்துபோய் விற்றுத்தான் என்னை வளர்த்தாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் சுமக்கக்கூடாது என்றார் டாக்டர். சுமக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று அந்த மகராசன் சொல்லவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றுதான் அந்த மணலில் போகும்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த டயர் கடைக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தினேன். பக்கத்து ஷெட் மெக்கானிக் இஞ்சினைப் பிரித்தார். துரு சுரண்டியதும் பெயிண்ட் அடித்ததும் நான். சாமான் பாதி கிடைக்காது, கிடைத்த பாதி பொருந்தாது. வெறுத்துப்போய் எடைக்கே போட்டுவிடலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நினைத்தேன். கடைசியில் கிளம்பிவிட்டது.

குப்பத்துக்கு ஓட்டி வந்த அன்று அப்பா ஒரு குடம் கடல் தண்ணீர் மொண்டு, மஞ்சள் கலந்து வண்டியின் தலையில் ஊற்றினார். புதுப் படகை இறக்கும்போது நாங்கள் செய்கிற முறை அது. அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். ரோடு வந்த பிறகும் இறங்க மனமில்லாமல் இருந்தாள். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

தினமும் காலையில் அவளை ரோட்டில் விட்டு, வண்டியைத் திரும்பக் குப்பத்தில் நிறுத்திவிட்டு, நடந்துபோய் பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் வண்டி பளபளவென்று நிற்கும். அப்பாவின் வேலை. மரப்படகு காய்ந்தால் பலகை விரிந்துவிடும் என்று நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை அது. கிணற்றுத் தண்ணீர் எங்களுக்குக் குடிக்க மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் கடல் இருந்தது.

இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. ஒரு நாள் நடு மணலில் படாரென்று சத்தம், வண்டி இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தது. மறுநாள் காலையில் மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அப்பா கடலுக்குப் போயிருந்தார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, மொத்த வண்டியையும் தாங்குகிற சேஸிஸில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஊறின ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"கடல் தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா? உப்பு தின்னுட்ச்சிபா. வெல்டிங் வைக்கக்கூட இரும்பு இல்ல."

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அந்தக் காலோடு அம்மா பக்கத்தில்தான் நின்றாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கிழவர் கரைக்கு வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று கத்தினேன்.

"உங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. மனுசன் தாங்கமாட்டாரு. பழசு, ஒடைஞ்சி பூட்ச்சினு சொல்லிடு" என்றாள் அம்மா. சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். "ஒரு கை குடு."

நான்தான் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். செத்துவிடலாம் போலிருந்தது.

சாயங்காலம் அப்பா குடத்தோடு வந்தார். ஓடாத வண்டியின் மேல் கடல் தண்ணீரை ஊற்றிக் கையால் தேய்த்துவிட்டார்.

"ரிப்பேர் ஆவற வரிக்கும் காயவுடக்கூடாதுடா. காஞ்சா விட்டுப்பூடும்" என்றார்.

"பழசுப்பா, அதான் ஒடைஞ்சி பூட்ச்சி" என்று மட்டும் சொன்னேன். தூரத்தில் அம்மா வெறுங்கூடையோடு மணலில் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள்.