மாமா வாசித்த பெயர்கள்

பிரான்சிலிருந்து பெரிய மாமா கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த கோடையில் எங்கள் அப்பார்ட்மெண்ட் முழுவதும் சீஸ் மணத்தது. தான் உடுத்தும் சாரத்துக்குள் சுற்றி சூட்கேசில் கொண்டுவந்திருந்தார். அம்மா அதைத் தூக்கிப் பால்கனியில் வைத்தார். அண்ணன் கொண்டுவந்ததைக் குப்பையில் போடக்கூடாது என்ற மரியாதைக்கு மேல் அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

மாமா இருந்தது பாரிசில் அல்ல. பிரான்ஸ் என்றாலே பாரிஸ் என்றிருந்த எங்கள் சொந்தக்காரருக்கு அது ஒரு குறையாகவே பட்டது. மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே பேக்கரியில் பாண் போட்டார். ஊரில் அவர் ஒருவர்தான் தமிழர். ஆனால் கதைக்கத் தொடங்கினால் அவருடைய பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் அங்கேயே பிறந்தவர்கள் போலிருக்கும். பெண்கள் கூடி உடுப்புத் தோய்த்த கல்தொட்டி, ஊர் முழுவதற்கும் பொதுவாயிருந்த, பாண் சுடும் போறணை, பீரங்கி வார்க்கக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து ஒரு யுத்தத்தில் கிணற்றுக்குள் இறக்கி ஒளித்த தேவாலய மணி. "எங்கட ஊர் மணி" என்றுதான் சொல்வார்.

"எந்த ஊரைச் சொல்லுறியள், அண்ணை?" என்று அம்மா கேட்பார். மாமா சிரித்துவிட்டு மணியின் கதையைத் தொடர்வார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். மாமாவின் உச்சரிப்பைத் திருத்துவதுதான் அந்தக் கோடை முழுவதும் என் உத்தியோகம்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அந்த ஊர்ச் சந்தியில் நிற்கும் நினைவுக்கல்லைப் பற்றிச் சொன்னார். பழைய யுத்தங்களில் இறந்த ஊர்ப் பெடியன்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்களாம். ஒரே வீட்டுச் சகோதரர்களின் பெயர்கள்கூட ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்குமாம். வருடாவருடம் ஊர் அங்கே கூடும். ஒருவர் பெயர்களை வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் சனம் ஒரே குரலில் "பிரான்சுக்காக உயிர் நீத்தவர்" என்று பதில் சொல்லும். போன முறை வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் மேயர் மாமாவைக் கூப்பிட்டாராம்.

"எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சன்," என்றார் மாமா. "பேந்து என்ன நினைச்சனோ தெரியாது, தம்பியின்ர பேரையும் சேர்த்து வாசிச்சுப்போட்டன்."

"சனம் என்ன சொன்னது?" என்று கேட்டேன்.

"வழமையாச் சொல்லுறதைத்தான். பிரான்சுக்காக உயிர் நீத்தவர் எண்டு. ஒரு கிழவர் தொப்பியையும் கழட்டினார்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தம்பி என்று அவர் சொன்னது எங்கள் சின்ன மாமாவை. சின்ன மாமா பிரான்சைப் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டார். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒருநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா அவரைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் "அவன் வருவான்" என்றே கதைப்பார்.

அம்மா சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு மாமாவைப் பார்த்தார்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது, அவன் செத்துப்போனான் எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, தங்கச்சி." மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒருக்காலாவது நாலு பேருக்கு முன்னால அவன்ர பேரைச் சத்தமாச் சொல்லவேணும்போல இருந்தது."

"சொல்லுறதெண்டா உயிரோட இருக்கிற ஆக்களோட சேர்த்துச் சொல்லுங்கோ."

அம்மா எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது நெடுநேரம் நிற்கவில்லை. மாமா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாயும் வைக்கவில்லை.

எனக்கு அம்மாவின் கோபம் நியாயமாகவே பட்டது. நடக்காத ஒன்றை ஊர் முழுவதையும் சொல்லவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? குசினிக்குப் போய் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, சின்ன மாமா பிரான்சுக்காகச் சாகேல்லைத்தானே? அவை சொன்னது பிழை."

அம்மா ஈரக்கையால் என் தலையைத் தன்னோடு அழுத்திக்கொண்டார்.

"ஓம், பிள்ளை. பிழைதான்."

நாங்கள் இருவரும் ஒரே பிழையைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.