மனைவியின் அன்னாசி டார்ட்டை நான் செய்த நாள்

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். "மதி." பாறசாலைப் பக்கத்தில் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். ஆனால் அவள் தண்ணீர் கேட்கவும் அதையே சொன்னாள், கோபப்படவும் அதையே சொன்னாள். வலது கையும் காலும் அசையவில்லை. புத்தி மட்டும் முன்போலத் தெளிவாக இருந்தது. அதுதான் இரண்டு பேருக்கும் கொடுமை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நெய்யாற்றின்கரையிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு பெண் வருவாள். "ஆன்ட்டிக்கு ரொம்ப இஷ்டமுள்ள வேலைய அவிய முன்னால வச்சுச் செய்யுங்க அங்கிள். சில நேரம் வார்த்தை வரும்" என்றாள்.

மனைவிக்கு இஷ்டமான வேலை அன்னாசி டார்ட். பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சராக இருந்தவள். வெண்ணெய் சேர்த்த மாவை வட்டத் தகரத்தில் மெல்லிசாக விரித்துச் சுட்டு, கஸ்டர்டு நிரப்பி, அன்னாசித் துண்டுகளைப் பூவிதழ் மாதிரி அடுக்கி மறுபடி ஓவனில் வைப்பாள். எங்கள் சர்ச் சபையில் யார் வீட்டு நிச்சயதார்த்தம் என்றாலும் மேசை நடுவில் அது இருக்கும். அளவை அவள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நானோ பஸ் ஓட்டியவன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு அன்னாசி நறுக்கிக் கொடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சக்கர நாற்காலியில் அவளை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மைதாவைக் கிண்ணத்தில் கொட்டினேன்.

"வெண்ணெய் எவ்வளவு பிள்ளே?"

"மதி."

ஒரு கரண்டிகூடப் போட்டிருக்கவில்லை. ஒரு கரண்டி போட்டுவிட்டு, "இவ்வளவு காணுமா?" என்றேன்.

"மதி. மதி." தலையை இல்லை என்று ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் போட்டேன். அதற்கும் அப்படியே ஆட்டினாள்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகளை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் எதையோ தேடி வாசித்தாள். "அப்பா, மாவுல பாதி வெண்ணெய். ஃப்ரிட்ஜுல இருந்து அப்பவே எடுத்ததாக்கும் போடணும். உருகப்படாது."

வெண்ணெய் அதற்குள் எண்ணெய் போலப் பளபளத்துக் கிடந்தது. மின்விசிறியைப் போட்டேன். மாவு பறந்து போன் திரையில் படிந்தது. மகள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அப்போது மனைவி இடது கையைக் கிண்ணத்துக்குள் விட்டாள். விரல் நுனியால் மட்டும் மாவையும் வெண்ணெயையும் உரசி உதிர்த்தாள். அவள் தொட்ட இடம் ரவை மாதிரி உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்துபோனது. மிச்சத்தை நான் சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்தேன். அவள் என் மணிக்கட்டில் அடித்தாள். "மதி." மறுபடி அடித்தாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாகப் பிசைந்தேன். இந்த மாவு பிசையப் பிசைய இறுகிவிடுமாம், சாயங்காலம் மகள் சொன்னாள். அந்த ஒரு தடவை மனைவி சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மாவைத் தகரத்தில் விரித்து, கஸ்டர்டும் அன்னாசியும் போட்டு ஓவனில் வைத்தேன். எடுத்தபோது ஓரம் கருகியிருந்தது, நடுவில் அன்னாசிச் சாறு தேங்கி மாவு வேகாமல் கிடந்தது. ஓரத்தில் கத்தி இறங்கவில்லை.

மணம் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "அண்ணே, டீச்சர் எழும்பியாச்சா? நல்ல மணம் உண்டே."

வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்காலியில் இருந்தவளையும், கை முழுக்க மாவோடு நின்ற என்னையும் பார்த்தாள். "நான் பிறகு வாறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி தகரத்தைக் காட்டினாள். கருகாத இடமாகப் பார்த்து ஒரு துண்டை உடைத்து அவள் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் மென்றாள். விழுங்க முடியவில்லை. நான் கையை நீட்டினேன், அதில் துப்பினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விழுங்க முடியாததாலா, ருசியாலா, வாசலில் கேட்ட கேள்வியாலா என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. துப்பியதைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன்.