மாலை போட்ட தபால் அட்டை

தாம்பரத்தில் ஒரு பிரேம் கடையில் கண்ணாடி வெட்டுகிறேன். போன வருடம், கேளம்பாக்கத்தில் மீன் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிற ஒருவர் ஒரு பை நிறைய பழைய தபால் அட்டைகளும் படங்களும் கொண்டுவந்தார். எல்லாம் கோவளம் கடற்கரை. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும், சுவர் முழுக்க மாட்டப் போகிறேன் என்றார். மிகப் பழையவை பழுப்பேறிக் கிடந்தன. மணலில் இழுத்துப் போட்ட கட்டுமரங்கள், வலை உலர்த்தும் ஆட்கள், கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கும் பிள்ளைகள். அது என் அம்மாவின் ஊர். அதனால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.

கடைசியில் ஒரு கலர் அட்டை வந்தது. மற்றவற்றுக்கு ரொம்பப் பிந்தியது. மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு இளம் பெண் அலை ஓரம் நின்று சிரிக்கிறாள். அட்டையின் பின்புறம் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. எங்கள் முதலாளி படித்துச் சொன்னார்: மீன் விற்கும் பெண். பேர் போடவில்லை.

அம்மா சாகும்போது எனக்கு நான்கு வயது. அவளை யாரும் படம் எடுத்ததில்லை. ஆடி அமாவாசைக்கு மற்ற வீடுகளில் படத்துக்கு மாலை போடுவார்கள். நாங்கள் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, அதற்குப் பொட்டு இட்டுக் கும்பிடுவோம். அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவள், அவளுக்குத் தெரியும்.

அட்டையை போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். மேடவாக்கத்திலிருந்து உடனே கூப்பிட்டாள். "தம்பி, அம்மாடா. அம்மாவேதான்." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

சாப்பாட்டுக் கடைக்காரரிடம் ஒரு பிரதி கேட்க எனக்குச் சில நாள் வாய் வரவில்லை. கேட்டதும், "எடுத்துக்கோங்கண்ணா, இதுக்கா இவ்ளோ தயங்குனீங்க?" என்றார்.

ஆடி அமாவாசை வந்தது. என் வீட்டில் படத்துக்குச் சாமந்தி மாலை, கண்ணாடி மேல் குங்குமம், முன்னால் படையல். அக்காவும், கோவளத்திலிருந்து அம்மாவின் தம்பியும் வந்திருந்தார்கள். கும்பிடக் கை தூக்கிய மாமா அப்படியே நின்றார்.

"டேய், இன்னாடா இது? இது உங்கம்மா இல்ல."

"உனக்குக் கண்ணு தெரியல மாமா," என்றாள் அக்கா.

"ஆபரேஷன் பண்ணிகினு புதுக் கண்ணோட வந்துகீறேன், எனக்கா தெரியல? இது எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு. நேத்துகூட அதாண்ட வஞ்சிரம் வாங்கினேன். குத்துக்கல்லாட்டம் உக்காந்து வித்துகினு கீது. உயிரோட கீற பொம்பளைக்கு மாலை போட்டு வெச்சிகீறீங்களே, கழட்டுங்கடா மொதல்ல!"

மாலையை எடுத்தேன். குங்குமத்தை ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க, சட்டத்தின் ஓரத்தில் சிவப்பு இறங்கிக்கொண்டது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"விடுடா. என் மனசுல இருக்கிற மூஞ்சி இதான்."

"அப்போ பெத்தவளே உனுக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லு," என்றார் மாமா. சொல்லியிருக்க வேண்டாம். அக்கா சாப்பிடாமல் கிளம்பினாள். படத்தையும் எடுத்துக்கொண்டாள். பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருப்பதாக அவள் வீட்டுக்காரர் சொன்னார்.

முன்பெல்லாம் அம்மா என்று நினைத்தால் எந்த முகமும் வராது. இப்போது அந்தச் சிரிப்புதான் வருகிறது. தள்ளினாலும் போவதில்லை.

அதோடு, கோவளத்தில் இருக்கும் அந்த அம்மாளுக்கு எங்களால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. நேரே விசாரிக்கக் கூச்சம். மாமாவுக்கு போன் செய்து, கடல் எப்படி, மீன் எப்படிப் படுகிறது என்று இழுப்பேன். அவருக்குப் புரிந்துவிடும்.

"அது நல்லாத்தான் கீது. உன்னிய, என்னிய எல்லாரையும் அனுப்பிட்டுதான் போவும். வெய்டா போனை."

கேட்டதும் பயம் அடங்கும். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்துக்குப் பயந்தே இப்போதெல்லாம் போன் செய்வதைத் தள்ளிப்போடுகிறேன்.