மீன் மாஃபி

ஃப்ரீஸரில் வைக்கிற பாட்டிலில் யாராவது கழுத்துவரை தண்ணீர் பிடித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். நான்கு விரல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். "இது என்ன வியாதியோ உங்களுக்கு" என்பாள் மனைவி. வியாதியெல்லாம் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், அஜ்மானில் எங்கள் அறையில் வெடித்துப்போன ஒரு கண்ணாடி பாட்டில்தான் காரணம்.

அப்போது நான் ஷார்ஜாவில் ஒரு கராஜில் மெக்கானிக். ஜோர்டான்காரரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் வண்டியை என்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டார். அரபியில் வாத்தியாருக்கு உஸ்தாத் என்று பெயர். வளைகுடாவில் வேலை தெரிந்த மெக்கானிக்கையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே நான் அவருக்கு உஸ்தாத், அவர் எனக்கு உஸ்தாத். ஒரு ஜனவரியில் முகம் வாடி வந்து நின்றார். ஊரில் தாயார் படுத்த படுக்கை. மலைச்சரிவில் வீடு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி இல்லை. சவூதியைக் கடந்து காரிலேயே போகிறேன் என்றார். அரபியும் இந்தியும் கலந்த எங்கள் பாஷையில், "இது பின்சக்கரம் ஓட்டுற வண்டி, பனியில வழுக்கும். வழுக்காம பண்ணிக் கொடு உஸ்தாத்" என்று கேட்டார்.

நான் மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்த்திராத ராமநாதபுரத்துக்காரன். ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? பனி என்பது வெள்ளை மணல், அவ்வளவுதானே என்று முடிவுகட்டிக்கொண்டேன். பின்பக்கம் லேசாக இருப்பதால்தானே சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று, நான்கு அரிசிச் சாக்குகளில் பாலைவன மணலை நிரப்பி டிக்கியில் அச்சுக்கு நேராக ஏற்றினேன். சிக்கினால் அதையே அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் தூவலாம். புது டயர், புது பேட்டரி, புது வைப்பர். சக்கரத்தில் சுற்றச் சங்கிலி கேட்டதற்குக் கடைக்காரர் நாய்ச்சங்கிலியை எடுத்து நீட்டினார். கடைசியில், செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று ரேடியேட்டரிலிருந்த பச்சைத் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். வளைகுடாவில் தண்ணீர் கொதிக்குமே என்றுதான் கவலைப்படுவோம். வியாழக்கிழமை காலையில் புறப்பட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியையும், ஏதாவது என்றால் கூப்பிடத் தாயார் வீட்டு நம்பரையும் என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரூம்காரர் ஃப்ரீஸரைத் திறந்து, "எந்தப் புண்ணியவான்யா தண்ணியைத் ததும்பத் ததும்ப வச்சது?" என்று கத்தினார். பாட்டில் இரண்டாகப் பிளந்து, நடுவே ஐஸ் கட்டி முழுசாக நின்றது. நான் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன். மருந்து கலந்த அந்தப் பச்சைத் தண்ணீர் உறையாது, நான் ஊற்றிய தண்ணீர் உறையும். ஒரு ராத்திரி பனியில் நின்றால் போதும், இன்ஜின் பிளந்துவிடும். அந்த மனுஷன் தாயாரை எதில் கொண்டுபோவார்?

எச்சில் கையைக் கழுவிவிட்டு டெலிபோன் கூண்டுக்கு ஓடினேன். எடுத்தது ஒரு கிழவியின் குரல். "மீன்?" என்றது.

மீனா? இந்த நேரத்தில் மீனுக்கு என்ன வந்தது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மீன் மாஃபி" என்றேன், மீன் இல்லை என்று. "மாய். சையாரா மாய். பர்ரா, பர்ரா." தண்ணீர், வண்டித் தண்ணீர், வெளியே. எனக்குத் தெரிந்த கராஜ் அரபி அவ்வளவுதான். கார்டு தீரும்வரை அதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

ஒன்றரை மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. பிறகு ஒருநாள் வண்டி கராஜுக்குள் நுழைந்தது. உஸ்தாத் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டார். "அம்மா போயிட்டாங்க" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் பனி கொட்டத் தொடங்கிய நேரத்தில் வீட்டுக்குள் போயிருக்கிறார். தாயார் அவர் கையைக்கூடப் பிடிக்கவில்லையாம். முதல் வேலையாகத் தண்ணீரை வெளியேற்று என்றாராம். முற்றத்தில் இறக்கிய தண்ணீர் விடிவதற்குள் வாளியோடு கல்லாக இறுகிவிட்டது. காலையில் தாயாருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி வண்டியைக் கிளப்பி, மணல் மூட்டைகளின் கனத்தில் வழுக்காமல் மேடேறி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு பதினொரு நாள் அவர் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊர் அரபியில் 'மீன்' என்றால் யார் என்று அர்த்தமாம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தாயார் மகனிடம் சொன்னது இதுதான்: "யாருன்னு கேட்டேன். யாருமில்லைன்னு சொன்னான். யாருமில்லாதவன் உனக்காக இப்படி அழுவானா? போ, போய்த் தண்ணியை இறக்கு."

இப்போதும் ஃப்ரீஸருக்கு முன்னால் நின்று அந்த நான்கு விரல் தண்ணீரைக் கொட்டும்போது, "யாருக்கு இந்தத் தண்ணி?" என்று மனைவி கிண்டல் செய்வாள். நான் மூடியைத் திருகிப் பாட்டிலை உள்ளே வைப்பேன். ஒரே ஒருமுறை பேசிய அந்த அம்மாவுக்குக் கடைசிவரை என் பெயர் தெரியாது.